விடைக்கோழிகளைக் குடிமாற்றிய ஞாயிறு

1999 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பால் பூத்துக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கிவந்தேன். ஆறு இருபதுக்குக் காபி. பிறகு சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் படித்தேன். நல்ல நேரம் காலை ஏழே முக்கால் முதல் எட்டே முக்கால் வரை. ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. இரண்டையும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

அதற்குக் கீழே அன்றைய வேலைகள். ஒன்று, ஷூ பாலிஷ். இரண்டு, வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி. மூன்று, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள் இரண்டையும் வெயிலில் போடுவது. நான்கு, கோழிகளைப் புதுக் கூண்டுக்கு மாற்றுவது. ஐந்து, இரவு ஏழு மணிக்கு ஊருக்கு போன்.

ஐந்து வருடம் கழித்து இதை எழுதுகிறேன். அந்த டைரி மேசைமேல் விரித்தபடி இருக்கிறது. நாலாவது வேலைக்கு எதிரே மட்டும் இரண்டு முறை டிக் போட்டிருக்கிறேன். முதல் டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு இரண்டாவது.

நாங்கள் அப்போது டெல்லி மோதி பாக்கில் அரசாங்கக் குடியிருப்பில் கீழ்த்தள வீட்டில் இருந்தோம். 'நாங்கள்' என்று எழுதுவது பழக்கத்தினால். அந்த ஜூலை பதினெட்டாம் தேதியிலிருந்து வீட்டில் நான் மட்டும்தான். மகளுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தது. டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், ஆனால் பஸ் போர்டைப் படிக்க நேரமாகும். ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு ஒரு மாதம் கூட இருந்து பழக்கிவிட்டு வருகிறேன் என்று என் மனைவி உடன் போனாள். ஹாஸ்டல் சாப்பாடு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் என் மைத்துனர் வீட்டு மாடிக்கு மாறினார்கள். ஒரு மாதம் தீபாவளி வரை என்றானது. தீபாவளியும் போயிற்று.

ஆனால் அவள் எனக்குச் சொல்லிப் போன கெடு வேறு. ரயிலில் பெட்டிகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுவிட்டு நான் இறங்கியதும், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்:

"வெடைக முட்டைக்கு வர்றதுக்குள்ள நான் வந்துருவனுங்க. அதுவரைக்கும் பதனமாப் பாத்துக்குங்க."

வெடை என்றால் விடைக்கோழி, இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. ஜூன் நாலாம் தேதி பொரித்தவை. அவள் பல வருடமாக வைத்திருந்த செம்பட்டைக் கோழியை அடைக்கு வைத்ததில் ஒன்பது குஞ்சுகள் தேறின. மூன்று சேவல்களை அவளே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். தாய்க்கோழி மழைக்காலத்தில் செத்துப்போயிற்று. மீதி ஆறு. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தாள். மேல் வீட்டு அம்மாளிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டபோது மிஞ்சிய நூல்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, ஊதா. கால் பருக்கப் பருக்க நூலைத் தளர்த்திக் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அந்த வேலையை நான் செய்துவந்தேன். டைரியில் இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு தீபாவளி. அந்த மாதம் மட்டும் விட்டுப்போயிற்று.

ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்கு மார்க்கெட் முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்வேன். மைத்துனர் வீட்டு ஹாலில் போன் மணி ஒரு முறை அடித்ததும் அவளே எடுப்பாள். முதல் கேள்வி கோழிகளைப் பற்றித்தான் இருக்கும். தீனி தின்கிறதா, மூக்கில் சளி இருக்கிறதா, எது எதைக் கொத்துகிறது. எனக்கும் அதில் சிரமம் இல்லை. வாரம் முழுவதும் கவனித்ததை வரிசையாகச் சொல்வேன். பச்சைக்குக் கொண்டை சிவந்துவருகிறது, சிவப்பு எல்லோரையும் விரட்டுகிறது என்று சொல்லும்போது அவள் சிரிப்பாள். அதன்பின் மகள் வந்து, எப்படி இருக்கீங்கப்பா, நான் ஃபைன் என்பாள். நான் என்னைப் பற்றிச் சொன்னதாகவும் நினைவில்லை, என் மனைவி தன்னைப் பற்றிச் சொன்னதாகவும் நினைவில்லை. வேறு பேச்சு எங்களுக்கு வரவில்லை. அந்த நவம்பர் 28 பத்தொன்பதாவது ஞாயிறு.

கோழிகள் வளர வளர, எனக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. நாட்டுக்கோழி ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு மாதம் முடிகிறது. அப்படியென்றால் அவள் எந்த வாரமும் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்லலாம். அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய ரஜாயையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டது அதற்காகத்தான்.

புதுக் கூண்டும் அதற்காகத்தான், பாதி. மறுபாதி மேல் வீட்டுக் கல்யாணம். கோழிகள் அதுவரை மாடிப்படிக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் அடைந்துவந்தன. அந்த மாடிப்படி எங்கள் பின்கட்டை ஒட்டி வெளிப்பக்கமாக ஏறி மேல் வீட்டுக்குப் போகும். மேலே இருந்தவர்கள் கட்வால் மலைப் பக்கத்துக்காரர்கள். டிசம்பர் மூன்றாம் தேதி அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம். விருந்தாளிகள் அந்தப் படியில்தான் ஏற வேண்டும். அந்த அம்மாள் பத்து வருடப் பழக்கம், அதனால் நேராகச் சொல்லத் தயங்கி, வாசனை பற்றி ஒன்றும் சொல்லாமல், படிக்குக் கீழே சீரியல் லைட் கட்டலாமா என்று மட்டும் கேட்டாள். எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு முன் இடத்தைக் காலி செய்து தருகிறேன் என்றேன்.

எங்களிடம் ஒரு பழைய கூலர் இருந்தது. டெல்லிக் கோடையில் ஜன்னலுக்கு வெளியே வைப்பார்களே, அந்தப் பெரிய தகரப் பெட்டி. மோட்டார் எரிந்துபோய் இரண்டு வருடமாகப் பின்கட்டில் கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதில் வேலை செய்தேன். மோட்டாரையும் விசிறியையும் கழற்றி, விசிறி இருந்த வட்டத்துக்குக் கம்பிவலை அடித்தேன். காற்றுக்கான பட்டைகள் மூன்று பக்கமும் ஏற்கெனவே இருந்தன, புல் தட்டிகளை மட்டும் எடுத்துவிட்டு உள்பக்கம் வலை. வடக்குப் பக்கம் சாக்கு, பனிக்காற்றுக்காக. கீழே தண்ணீர் நிற்கும் தொட்டியில் மணலும் வைக்கோலும். ஒரு கோழிக்கு ஏழு அங்குலம் என்று அளந்து பார்த்ததில் ஆறுக்கு ஒரு கழி போதவில்லை. கொசுவலைக் கழிகளில் இரண்டை அறுத்துக் குறுக்கே மாட்டினேன். தெற்குப் பக்கத் தட்டிச் சட்டத்துக்குக் கீல் வைத்துக் கதவு, கொண்டி. கூலரின் சொந்த இரும்புக் கால்களே பூனைக்கும் கீரிக்கும் எட்டாத உயரம்.

மேல் வீட்டு அம்மாளின் கணவர் படியில் இறங்கும்போதெல்லாம் நின்று பார்ப்பார். இந்தக் குளிரில் ஊரே கூலரை உள்ளே எடுத்து வைக்கிறது, நீங்கள் கோழிக்குக் கூலர் போடுகிறீர்களே பாய் சாப் என்று ஹிந்தியில் கேட்டார். அடுத்த ஞாயிறு, எப்போது கிரகப்பிரவேசம் என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு காலண்டரில் தேதி பார்த்தேன்.

இதைச் சொல்ல வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. ஆனால் நேரம் பார்ப்பேன். இருபத்தைந்து வருடம் டெல்லியில் இருந்து, எந்தப் புது வேலையையும் ராகு காலத்தில் தொடங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை செய்தித்தாள் படிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. அந்தக் காலண்டர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் அரிசியும் காபித்தூளும் வாங்கும் கடையில் ஒவ்வொரு ஜனவரியும் கொடுப்பது. சிவகாசியில் அச்சடித்தது. அது எந்த ஊர்ச் சூரியனுக்குக் கணக்கிட்டது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஏழே முக்காலுக்குத் தொடங்கினேன். கூண்டுக் கதவில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. மரப்பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து கையை விட்டதும் ஆறும் ஒன்றாக எழும்பின. மஞ்சளும் ஊதாவும் என் தோளுக்கு மேலே பறந்து முற்றத்துக்குப் போய்விட்டன. நாலைப் பிடித்துக் கூலருக்குள் விட்டேன். மற்ற இரண்டைச் சுவரோரமாக விரட்டி, துணி காயும் கயிற்றுக்கு அடியில் ரஜாய் நிழலில் மடக்கிப் பிடித்தேன். வலது கையில் மூன்று இடத்தில் கொத்து. எட்டு நாற்பதுக்கு ஆறாவதையும் உள்ளே விட்டுக் கொண்டி போட்டேன். ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. திருப்தியாக இருந்தது. டைரியில் முதல் டிக் அப்போது போட்டதுதான்.

அவை கத்தின. கூண்டுக் கதவுக்கு நேர் எதிரே, இருபது அடியில், பழைய மாடிப்படி. கதவு வலையில் கழுத்தை நீட்டி அதையே பார்த்துக் கத்தின. மத்தியானம் வரை உள்ளே இருந்தால் இடம் பழகிவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம் என்பதால் அதுவும் தாண்டட்டும் என்று ஒன்று முப்பத்தைந்துக்குத் திறந்துவிட்டேன். வேகமாக இறங்கி முற்றத்தில் மேய்ந்தன. சத்தம் நின்றது.

அந்த நேரத்தில் மாடிப்படிக்கு அடியைச் சுத்தம் செய்தேன். மரப்பெட்டியைப் பிரித்துப் பலகைகளைச் சுவரில் சாய்த்தேன். தரையைச் சுரண்டி, பினாயில் ஊற்றி, இரண்டு முறை கழுவினேன். மேல் வீட்டு அம்மாள் இறங்கிவந்து பார்த்து, பாபிஜி இருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள் என்றாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். முன்பே ஒன்று கொடுத்திருந்தாள், இது பாபிஜிக்கு, அவர்கள் வந்ததும் அவர்கள் கையில் கொடுங்கள் என்றாள். பாபிஜி என்று அவள் சொல்வது என் மனைவியை.

நாலு மணிக்கு ரஜாய்களை எடுத்துத் தட்டி மடித்து உள்ளே வைத்தேன். நாலரைக்குச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். என் எண்ணம் இது: கோழிகள் பொழுது சாயும்போது தாமாகக் கூண்டில் ஏறும். ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்ததும் நான் போய்க் கதவைச் சாத்துவேன். முதல் முதலாக ராத்திரிக்குச் சாத்துவது நல்ல நேரத்தில் இருக்கட்டும்.

நவம்பர் கடைசியில் டெல்லியில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. எனக்கு அது தெரியாத விஷயமல்ல. ஆபீஸ் விட்டு வரும்போது பஸ்ஸில் விளக்குப் போட்டிருப்பார்கள். தெரிந்தும் அன்று தோன்றவில்லை.

ஐந்தே காலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டியது முன்னால் நடந்தது. மற்றவை பின்னால். கூண்டுக்கு அடியில் புகுந்து, அதைத் தாண்டி, நேராக மாடிப்படிக்குப் போயின. பெட்டி இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றன. திரும்பிவரும் என்று நினைத்தேன். எழுந்து போய் விரட்டியிருக்கலாம். கையில் செய்தித்தாள் இருந்தது. ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். வெளியே புகை கலந்த இருட்டு. ஆறு மணி ஆகவேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

ஆறு மணிக்கு டார்ச்சுடன் போனேன். இரண்டு என் சைக்கிள் கேரியர்மேல். ஒன்று பினாயில் வாளியின் விளிம்பில். இன்னும் இரண்டு, பெட்டி இருந்த மூலையில், ஈரம் காயாத சிமெண்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. வெறும் தரையில். பெட்டி எவ்வளவு இடத்தை அடைத்திருந்ததோ அதே மூலையில்.

கையை நீட்டினேன். ஒன்றுகூடக் கொத்தவில்லை, சிறகடிக்கவில்லை. இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது. மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கூண்டின் கழிமேல் வைத்தால், வைத்த இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டன. காலையில் ஒரு மணி நேரம் ஆன வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, ஊதா.

சிவப்பு இல்லை.

வேப்பமரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகைகளுக்குப் பின்னால், சாக்கடை மூடியருகில், கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் பார்த்தேன். பின்சந்துக் கதவைத் திறந்து போனேன். சுவர்மேல் சாம்பல் பூனை ஒன்று உட்கார்ந்து என்னையே பார்த்தது. சந்தின் கோடி வரை நடந்தேன், திரும்பி நடந்தேன். இறகு எதுவும் கிடக்கவில்லை. அதுவே கொஞ்சம் ஆறுதல். ஆறு ஐம்பது ஆகிவிட்டது. ஏழு மணிக்கு அவள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பத்தொன்பது வாரத்தில் ஒரு நாளும் நான் ஐந்து நிமிடம் பிந்தியதில்லை. கூண்டுக்குக் கொண்டி போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒன்று காணோம் என்றால் அவள் ஏன், எப்படி என்று கேட்பாள். பகலில் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். ராகு காலம் என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் பார்த்துக்கொள்ளச் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

ஏழு ஐந்துக்கு லைன் கிடைத்தது.

"ஏனுங்க, கூண்டு மாத்தீட்டீங்களா?"

"மாத்தியாச்சு."

"எல்லாம் உள்ள போயிருச்சுங்களா? ஆறுமா?"

"ஆறும்."

"பொழுது முழுகித்தான மாத்துனீங்க?"

"ஆமா."

டைரி எழுதுகிற ஆள் நான். அரை டிகிரி வெயிலைக்கூடக் கூட்டி எழுதியதில்லை. இரண்டு பொய்யும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

"நல்லதாப் போச்சுங்க. மூணு நாளைக்குக் கதவத் தொறக்காதீங்க. கத்துனாலும் தொறக்காதீங்க. தீனி தண்ணியெல்லாம் உள்ளயே வெச்சுருங்க. நாலா நாளு தொறந்து உட்டா, பொழுதோட அதுகளே அங்க வந்து அடஞ்சுக்கும். பழைய எடத்த மறந்து போயிரும்."

சரி என்றேன். அவள் பின்னால் யாரோ சிரித்தார்கள். மைத்துனர் மனைவியாக இருக்கும். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒரு ரோசனைதானுங்க இருந்துச்சு. நீங்க தனியா என்ன பண்ணுவீங்களோன்னு. அதான் இத்தன நாளா சொல்லாம இருந்தேன். கோழியவே பதனமா மாத்தி அடச்சுட்டீங்க. இனி எனக்குக் கவலையில்லீங்க."

அதன்பின் சொன்னாள். காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் பெண்ணும் அவளும் அங்கே போய்விடுவார்கள். படிப்பு முடிய இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை பெண்ணைத் தனியாக விட முடியாது. இரண்டு வீட்டுச் செலவு ஆகுமே என்று நான் கவலைப்பட வேண்டாம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கேட்டிருக்கிறாள், கிடைத்துவிடும் போலிருக்கிறது. நான் பொங்கலுக்கும் மே மாதமும் லீவு போட்டுவிட்டு வர வேண்டும். சொல்லச் சொல்ல அவள் குரல் லேசானது. வேலையைப் பற்றிச் சொன்னபோது ரொம்பவும். டெல்லியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள். அந்தக் குரலை நான் அங்கே கேட்டதில்லை.

ஒரு கோழி காணாமல் போயிருக்கிறது என்று அந்தக் கணத்திலும் சொல்லியிருக்கலாம். நான் ஒன்றையும் சமாளிக்கவில்லை, நீ நினைக்கிற மாதிரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொல்லி அவளைத் திரும்ப வரவழைப்பது வேறு விஷயமாகிவிடும் என்று தோன்றியது. பூத் கண்ணாடிக்கு வெளியே இருவர் காத்திருந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"சரி. நல்லதுதான்," என்றேன்.

"முட்டை வெச்சா மொதல்ல எனக்குச் சொல்லோணும்."

"சொல்றேன்."

அன்று மகளிடம் பேசவில்லை. மாடியில் படித்துக்கொண்டிருக்கிறாள், கூப்பிடட்டுமா என்றாள். வேண்டாம், படிக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஏழு முப்பத்தைந்து. மாடிப்படிக் கீழ்ப்படியில் மேல் வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சால்வைக்குள் எதையோ மூடிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் வந்ததும் சால்வை நகர்ந்து ஒரு கொண்டை தெரிந்தது. அவர்கள் வாசலில், கல்யாணத்துக்கு வாங்கிவைத்த புது மிதியடிமேல், கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததாம். பெட்டியைக் காணோம் என்றதும் படிப்படியாக ஏறி மேலே போயிருக்கிறது. அரை மணி நேரமாக எனக்காகக் காத்திருந்தாளாம். அவள் பேசியதெல்லாம் ஹிந்தியில்.

"பகல்ல யாராவது கோழியை இடம் மாத்துவாங்களா, பாய் சாப்? இருட்டினதும் எடுத்து வெச்சா, காலையில அதுபாட்டுக்குப் புது இடத்துல கண்ணு முழிக்கும். எங்க மலையில சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாபிஜி சொல்லித்தரலையா?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றேன்.

அந்த அம்மாள் கோழியின் காலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நூல் இறுகியிருக்கிறது, தோலில் பதிகிறது என்றாள். நகத்தால் முடிச்சை நெகிழ்த்தத் தொடங்கினாள். குனிந்தபடியே, பாபிஜி கல்யாணத்துக்கு வந்துவிடுவார்கள் அல்லவா என்று கேட்டாள். டோலக் வாசிக்கும்போது உட்காரும் பெண்கள் வரிசையில் அவர்களுக்கு இடம் வைத்திருக்கிறேன் என்றாள்.

"வரமாட்டாள்," என்றேன். "இனி அங்கேயே இருப்பாள்."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. ஹிந்தியில் சொன்னதால் சுலபமாக இருந்ததோ என்னவோ. அவள் நிமிரவில்லை. முடிச்சு அவிழ்ந்தது. நூலை மறுபடி, ஒரு விரல் புகும்படி தளர்வாகக் கட்டினாள். கோழியை என் கையில் கொடுத்தாள். அது இன்னும் சால்வைச் சூட்டில் இருந்தது. பத்திரிகை இரண்டும் உங்களிடமே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை நீங்கள் சீக்கிரம் வந்து பந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களை மாதிரி கணக்காக யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனாள்.

சிவப்பைக் கழியின் ஓரத்தில் வைத்தேன். மற்ற ஐந்தும் நகர்ந்து இடம் விட்டன, அல்லது நகர்ந்த மாதிரி தெரிந்தது. டார்ச்சில் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். ஆறு நிறமும் இருந்தன. கொண்டியைப் போட்டு, அதற்கு மேல் ஒரு கம்பியும் சுற்றினேன்.

உள்ளே வந்து டைரியை எடுத்து, நாலாவது வேலைக்கு எதிரே காலையில் போட்ட டிக்கை அடித்தேன். புதிதாக ஒன்று போட்டேன். கீழே இப்படி எழுதியிருக்கிறது: "போனில் ஏழு ஐந்துக்கு ஆறு என்று சொன்னேன். அப்போது ஐந்து. ஏழு நாற்பதுக்கு ஆறு. தை மாதம் அவர்கள் வேறு வீடு." அதற்கு மேல் எழுத வரவில்லை. பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. என் டைரிகளில் அப்படி விட்ட பக்கங்கள் குறைவு.

அன்று குளிர் அதிகம். என்னுடைய ரஜாய்க்கு மேல் அவளுடையதையும் போட்டுக்கொண்டேன். வெயில் வாசனை அதில் இன்னும் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே கோழிகள் கத்தத் தொடங்கிவிட்டன. எழுந்ததும் காலண்டர்த் தாளைக் கிழிக்கவில்லை, பால் பூத்துக்கும் போகவில்லை. கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனேன். மூடுபனியில் மாடிப்படி சரியாகத் தெரியவில்லை. ஆறும் கதவு வலையில் முட்டிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக் கத்தின. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், ஒரு கைப்பிடி கம்பும் கொண்டுவந்து, பக்கத்துத் தட்டிச் சட்டத்தைக் கை நுழையும் அளவுக்கு விலக்கி உள்ளே வைத்தேன். சிவப்பு என் விரலைக் கொத்தியது. கதவைத் திறக்கவில்லை.